பயிற்றுநர் பெருமையும் கிண்ணக் கணக்கும்

விளையாட்டுப் பயிற்றுநர்களைத் தரவரிசைப்படுத்தும் வழக்கம் பெருகிவிட்டது. கல்லூரி மலர்களாயினும் நாளேடுகளாயினும், வென்ற கிண்ணங்களை எண்ணி, கூடுதலாக வென்றவரை முதலிடத்தில் இருத்துவதோடு அமைகின்றன. இக்கணக்கு எளிது, ஆயின் உண்மையன்று. கண்டிக் கல்லூரிகளின் மைதானங்களையும் தெல்தோட்டையின் தேயிலைச் சரிவுகளையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, அஃது அநீதியுமாகும்.

கிண்ணக் கணக்கின் வலுவை முதலில் ஆராய்தல் தகும். ட்ரெவர் பெய்லிஸ் 2007 முதல் 2011 வரை இலங்கைக் கிரிக்கெட் அணியைப் பயிற்றுவித்தார். 2009இல் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தையும், 2011இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்தையும் எட்டிய அவ்வணி இரண்டிலும் தோற்றது. போல் பார்பிரேஸ் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, 2014இல், இருபது ஓவர் உலகக் கிண்ணம் கிடைத்தது. எனவே பார்பிரேஸ் உயர்ந்தவர், பெய்லிஸ் தாழ்ந்தவர் என்கிறது கணக்கு. அதே பெய்லிஸின் பயிற்சியில் 2019இல் இங்கிலாந்து உலகக் கிண்ணம் வென்றது. அவ்விறுதியாட்டம் சமநிலையில் முடிந்தது. மேலதிக ஓவரும் சமநிலையே. எல்லைக்கோட்டைக் கடந்த அடிகள் 26க்கு 17 என எண்ணப்பட்டே வெற்றி தீர்மானிக்கப்பட்டது. ஒன்பது அடிகளின் வேறுபாட்டால் ஒருவர் பெரியவராவதும் சிறியவராவதும் எந்த நியாயத்தின் பாற்படும்?

பயிற்றுநரின் தலையாய பணி, பிறர் காணாத ஆற்றலைக் காண்பது. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் முத்தையா முரளிதரன் மத்திம வேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார். அவருக்குப் பதினான்கு வயதளவில், கல்லூரிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்து வீச்சுக்கு மாறுமாறு கூறினார். 2010இல் காலியில் முரளிதரன் தம் இறுதி டெஸ்ட் ஆட்டத்தை நிறைவுசெய்தபோது அவர் வீழ்த்தியிருந்த விக்கெட்டுகள் 800. டேவ் வட்மோரின் பயிற்சியில் 1996இல் உலகக் கிண்ணம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். கிண்ணம் வட்மோரின் கணக்கில் ஏறியது. அக்கரத்துக்கு உரிய தொழிலை இனங்கண்டவருக்கு எந்தக் கணக்கில் இடமுண்டு?

'கிண்ணம் கண்ணாற் காணத்தக்க சான்று. இனங்காணும் திறனை எதைக்கொண்டு அளப்பது?' என்று வினவுவர் மறுப்போர். அளப்பதற்கு எளிதென்பதால் ஒன்று அளவுகோலாகிவிடாது. ஒருவரிடம் வந்தபோது மாணவன் எந்நிலையில் இருந்தான், நீங்கியபோது எந்நிலையை எய்தினான் என்பதைக் கேட்டறிதல் கடினமே. கடினமென்பதற்காக அதனைக் கைவிடுவது சோம்பலன்றி ஆய்வன்று.

இனி, இவ்வரிசைகள் தொடாத நிலமொன்றுண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர, தெல்தோட்டைக்கு அண்மையிலேயே உள்ளது. மலையகத் தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை, 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, ஓரறையும் ஓராசிரியரும் கொண்டு ஐந்தாம் வகுப்போடு முடிந்தவை. சமநிலமெல்லாம் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் போக, எஞ்சியது லயத்து முற்றமே. முரளிதரனின் பாட்டனாரும் 1920இல் தேயிலைத் தோட்டத்தில் வேலை தேடி வந்தவர்தாம். தந்தையார் தொழில் நடத்தி வசதி பெற்றமையாலேயே, பேரன் கல்லூரி மைதானத்தை அடைந்து, காணும் கண்ணொன்றின் முன் நின்றார். அவ்வசதி வாய்க்காத வீட்டில் அதே மணிக்கட்டு பிறந்திருப்பின், அது கொழுந்துக் கூடையோடு முடிந்திருக்கும்.

ஆதலின், வரிசை வகுக்க விழைவோர் கிண்ணப் பேழையை விட்டு வெளியே வருதல் வேண்டும். இருந்த வீரரைக் கொண்டு வென்றவரினும், இல்லாத வீரரை உருவாக்கியவர் பெரியவர். கலஹா கடந்து தெல்தோட்டை ஏறி, லயத்து முற்றத்திற் பந்தெறியும் சிறுவனை நின்று பார்ப்பவர் அவரினும் பெரியவர். அத்தகைய ஒருவரை அம்மலைக்கு அனுப்பாத எந்த நாட்டுக்கும், தலைசிறந்த பயிற்றுநர் யார் என்று தீர்ப்புக் கூறும் தகுதி இல்லை.