பனி பெய்தால் பள்ளி உண்டா?

அமெரிக்காவில் டெலவேர் ஆற்றின் ஒரு கரையில் நியூ ஜெர்சி, மறுகரையில் பென்சில்வேனியா. கடும்பனி கொட்டினால் இரண்டு பக்கமும் பள்ளிக்கூடம் மூடும். வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு அன்று லீவா, ஆன்லைன் வகுப்பா? அது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

பென்சில்வேனியாவின் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கல்வித்துறையிடம் அனுமதி பெற்ற பள்ளி மாவட்டங்கள் ஆண்டுக்கு 5 நாள் வரை வீட்டிலிருந்தே படிக்க வைக்கலாம். அது பள்ளி நாளாகவே கணக்கில் சேரும்.

நியூ ஜெர்சியின் 2020-ம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் கறார். அரசு அறிவித்த அவசரநிலை, சுகாதாரத்துறை உத்தரவு போன்ற காரணங்களால் தொடர்ந்து 3 பள்ளி நாள்களுக்கு மேல் மூடினால்தான், ஆன்லைன் வகுப்பு 180 நாள் கணக்கில் சேரும். ஒருநாள் பனிக்கு விட்ட லீவை வேறொரு நாளில் பள்ளி நடத்தி ஈடுகட்ட வேண்டும்.

'பாடம் வீணாகக் கூடாதே' என்று பெற்றோர் நினைப்பது நியாயம்தான். ஆனால், கணினியும் இணையமும் இல்லாத பிள்ளைக்கு என்ன வழி? பள்ளியில் கிடைக்கும் காலை, மதிய உணவு என்னவாகும்? ஆன்லைன் வகுப்புக்கான வழிகாட்டுதலில் இவற்றுக்கும் பதில் இருக்க வேண்டும் என்கிறது நியூ ஜெர்சி சட்டம்.

லீவு என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நஷ்டம். பிறகு ஈடும் ஒன்றுபோலக் கிடைத்துவிடும். ஆன்லைன் வகுப்பில் நஷ்டப்படுவது வசதியில்லாத பிள்ளை மட்டும். ஏட்டில் அது பள்ளி நாளாகப் பதிவாகிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு யார் ஈடுகட்டுவது?