குளிர்ந்தால் உருகும் ஜெல்!
பொசுங்கிய கண்ணுக்குப் புது வழி

வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்து இருக்கும் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்குகிறது. சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கிறது. அப்புறம் என்ன? பார்வையே போய்விடலாம்!

வீட்டில் மட்டும் அல்ல. ஆலையிலும் இந்த ஆபத்து உண்டு. பெருந்துறை சிப்காட்டில் தோல் ஆலைகளும், துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலைகளும் இருக்கின்றன. தோலில் முடியை நீக்கச் சுண்ணாம்பும், துணியைப் பக்குவப்படுத்த காஸ்டிக் சோடாவும் பயன்படுகின்றன. இரண்டுமே கண்ணுக்குப் பகை. அதனால்தான் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி நமக்கும் முக்கியம்.

விழியில் நாற்றங்கால்

கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் ஸ்டெம் செல் என்னும் உயிரணுக்கள் உண்டு. கருவிழியின் மேல்தோல் தேயத் தேய, புதுத் தோல் தருபவை இவைதாம். சுண்ணாம்பு இந்த நாற்றங்காலையே பொசுக்கிவிடும். பிறகு, தானமாக வந்த கருவிழியைப் பொருத்தினாலும், அது மட்டும் நிலைக்காது.

என்ன வழி? நல்ல கண்ணில் இருந்து துளி அளவு எடுத்து, வெளியே வளர்த்து, கெட்ட கண்ணில் நட வேண்டும்.

எதன் மேல் வளர்ப்பது?

ஐதராபாத் எல்.வி.பிரசாத் கண் ஆஸ்பத்திரியில் 2001-ம் ஆண்டு முதல் பனிக்குடச் சவ்வின் மேல் வளர்த்து, பலருக்குப் பார்வை தந்து இருக்கிறார்கள். ஆனால், சவ்வைத் தரும் தாய்க்கு நோய் இல்லை என்று சோதிக்க வேண்டும். ஒரு சவ்வு போல் இன்னொன்று இராது.

சென்னை சங்கர நேத்ராலயா ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி தேடினார்கள். ஜப்பானில் உருவான மெபியால் ஜெல்லை எடுத்துக்கொண்டார்கள். இது நீர் நிறைந்த செயற்கைப் பொருள். மனித உடலில் இருந்தோ, விலங்கில் இருந்தோ எடுத்தது அல்ல.

நெய் குளிரில் உறையும்; சூட்டில் உருகும். இந்த ஜெல் நேர் எதிர்! குளிரில் நீராக இருக்கும். அப்போது உயிரணுக்களைக் கலப்பார்கள். உடல் சூடான 37 டிகிரியில் அது கெட்டிப்படும். உள்ளே உயிரணுக்கள் வளரும். மறுபடி குளிர வைத்தால், சேதம் இன்றி எடுத்துவிடலாம்.

இப்படி மனிதக் கண்ணின் உயிரணுக்களை வளர்த்ததாக 2006-ல் அறிவித்தார்கள். முயலின் கண்ணில் நட்டுப் பார்த்த முடிவை 2009-ல் வெளியிட்டார்கள். பலன் இருந்தது.

அவசரம் கூடாது

முயலுக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று உடனே சொல்லிவிட முடியாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அரசின் அனுமதி வேண்டும். தவிர, இரண்டு கண்ணும் பொசுங்கிவிட்டால் சொந்த நாற்றுக்கு எங்கே போவது?

ஆகவே, காப்பதே முதல் வேலை. சுண்ணாம்போ, காஸ்டிக்கோ பட்டால் கண்ணைக் கசக்காதீர்கள். எண்ணெயோ, பாலோ விடாதீர்கள். அந்த நொடியே சுத்தமான தண்ணீரால் அரை மணி நேரம் கழுவுங்கள். பிறகு நேரே கண் டாக்டரிடம் போங்கள்.