பிரேக் முதலில், பளபளப்பு பிறகு

பழைய காருக்கும் பழைய பட்டுப் புடவைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு, சகோதரிகளே! வெளியே எடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் மடிப்பில் இற்றுப் போயிருக்கிறதா என்று பார்க்காமல் எடுத்தால், நடுவீதியில் மானம் போய்விடும். காராக இருந்தால் உயிரே போகலாம்.

எங்கள் திருப்பனந்தாள் வீட்டில் அப்படி ஒரு கார் நிற்கிறது. மாமனார் காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவு, தலைக்கு மேலே தகரம் கிடையாது, மடக்குகிற துணிக் கூரைதான். மாட்டு வண்டியில் கூண்டு வண்டி, மொட்டை வண்டி என்று இரண்டு இல்லையா? ஊர்ப் பிள்ளைகள் இதற்கு 'மொட்டைக் கார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1959-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்று வெளிவந்த கார் இது. உருவம் அமைத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் இதைச் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் வீட்டில் பழுது பார்க்க இதைவிடச் சௌகரியமான வண்டி கிடையாது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். அடியில் தனிச் சட்டம். அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

"அப்படியானால் எங்கள் வீட்டுக் காரின் கூரையையும் கழற்றிவிடலாமே!" என்று கிளம்பிவிடாதீர்கள். வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. இருக்கிற துணிக் கூரையைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

அந்தக் காரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த முதல் வருஷம் நாங்கள் செய்த அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன். புது மெருகு பூசினோம். ஸீட்டுக்குப் புது ரெக்ஸின் தைத்தோம். பம்பரில் முகம் பார்க்கலாம்! ஒரு சாயங்காலம் குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அணைக்கரைக்குப் புறப்பட்டோம். எதிரே ஒரு மாடு குறுக்கே வந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். கால் தரை வரைக்கும் போயிற்று, வண்டி நிற்கவில்லை! நல்ல வேளை, கைப் பிரேக் தனிக் கம்பியில் வேலை செய்வது. முந்தின ஞாயிறு நான்தான் விளையாட்டாக அதற்கு எண்ணெய் விட்டு இறுக்கியிருந்தேன். அது பிடித்தது. மாட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

குற்றம் வண்டியின்மேல் இல்லை, எங்கள்மேல்தான். அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஓடுவது ஒரே ஓட்டம். எந்த இடத்தில் ஒழுகினாலும் நான்கும் போய்விடும். பின் சக்கரத்து ரப்பர் குழாய் வெடித்திருந்தது. கண்ணுக்குத் தெரிகிறதையெல்லாம் துடைத்தோமே, தெரியாததை யார் பார்த்தோம்?

ஆகையால் முதல் வேலை பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பெயர்தான் ஆயிலே தவிர, எஞ்சின் ஆயிலைத் தப்பித் தவறி அதில் ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் உப்பிப் போகும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். நம் கார்களில் அது இடப் பக்கத்துப் பின் சக்கரம். இவர் உள்ளே மிதிப்பார். நான் சக்கரத்தருகில் திருகைத் தளர்த்துவேன். கண்ணாடிக் குழாய் வழியாக ஆயிலும் குமிழியும் ஜாடிக்கு வரும். நான் இறுக்கிவிட்டு, "இப்போ எடுங்க" என்று சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். கல்யாணமான நாள் முதல் நான் சொல்லி அவர் அப்படியே கேட்பது இந்த ஒரு வேலையில்தான்! நடுநடுவே மேல் டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் மிதி கல்லைப் போல் நிற்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது. முதல் தடவை செய்தால், தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகே தலையை நீட்டலாம்.

துருப்பிடித்த திருகு அசையவில்லையா? எங்கள் ஊர்க் கோயிலில் சாய்ந்திருந்த லிங்கத்தை அரசனுடைய யானைகள் இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுக்க, நிமிர்ந்தது என்பது புராணம். முரட்டுப் பலம் திருகையும் முறித்துவிடும். துரு இளக்கும் எண்ணெயில் நாலு சொட்டு விட்டு, ராத்திரி முழுதும் ஊறவிடுங்கள். காலையில் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இரண்டாவது, பெட்ரோல் குழாய். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரை அது அரித்துவிடும். எத்தனால் தாங்கும் புதுக் குழாயாக மாற்றுங்கள். செலவு சொற்பம், நன்மை பெரிது.

மூன்றாவது, மின்சார ஒயர். நெல் விளைகிற ஊரில் எலிக்குப் பஞ்சமா? மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கார்களில் ஃபியூஸ் குறைவு. பாட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸும், மின்சாரத்தை அடியோடு துண்டிக்க ஒரு ஸ்விட்சும் வைப்பது நல்ல சீர்திருத்தம். அறுவடைக் காலத்தில் இன்னொரு ஜாக்கிரதை: சாலையில் பரப்பிய வைக்கோல்மேல் ஓட்டினால் அது அடியில் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்ஸரில் பட்டால் தீதான். இறங்கிக் குனிந்து பார்த்து எடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் ஆன பிறகு கூரைக்கு வாருங்கள். ஈரத்தோடு மடக்காதீர்கள், மடிப்பில் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். மெல்லிய சோப்புத் தண்ணீரும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். தண்ணீர் விட்டுக் கழுவி, மடக்கும்போது நடுவே பழைய வேஷ்டித் துண்டு ஒன்று வையுங்கள். தையல் பிரிந்திருந்தால் பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டர் நூலால் தைத்து, ஊசித் துளைகளில் தேன்மெழுகு தேயுங்கள். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அடைத்திருந்தால் இரும்புக் கம்பியால் குத்தாமல், ஈர்க்குச்சியால் குத்துங்கள். பெயின்ட் பிழைக்கும், துரு வராது.

காகிதத்தையும் மறந்துவிடாதீர்கள். சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 50 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021-ல் தனிப் பதிவு முறை வந்திருக்கிறது. ஆனால் அதில் பதிந்த வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல் போன்றவற்றுக்குத்தான். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

இப்போதும் எங்கள் காரின் பம்பர் கொஞ்சம் மங்கித்தான் கிடக்கிறது. "மெருகு போடக் கூடாதா, அண்ணி?" என்று நாத்தனார் கேட்கிறாள். போடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் புறப்படுமுன் வாசலிலேயே பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பார்க்கிறோம். மிதி கல்லைப் போல் நிற்கிறது. பின்னால் குழந்தைகள் சிரிக்கிறார்கள். அதைவிடப் பளபளப்பு வேறு என்ன வேண்டும்?