கந்தையும் மானமும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் ஊர்ப் பழமொழி. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதும் நம் ஊர்ப் பழமொழியே. ஒன்று ஆடைக்கு மதிப்புத் தருகிறது. மற்றொன்று அணிபவனுக்கு மதிப்புத் தருகிறது. முதற் பழமொழியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவதைத் தில்லிக்கு இரயில் ஏறும்போதே ஊரில் விட்டுவிட்டு வந்தோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. என்னிடமிருந்தே அந்த ஐயம் தொடங்கியது.

வைகைக் கரையில் வளர்ந்தவனுக்கு மார்கழிக் குளிர் என்றால் காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. தில்லிக் குளிர் அப்படிப்பட்டதன்று. சனவரியில் சில இரவுகள் 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். நான் வந்த முதல் ஆண்டில் என் பெட்டியில் ஒரு கம்பளிச் சட்டைகூட இல்லை. புதுக் கோட்டின் விலையைக் கேட்டேன். ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு அது. நான் படும் பாட்டைப் பார்த்த மூத்த மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை, "வா தம்பி, ஓரிடம் காட்டுகிறேன்" என்று வாரச் சந்தைக்கு அழைத்துப் போனார்.

தெருவோரத்தில் ஒரு விரிப்பு. அதன்மேல் மலைபோல் பழைய கோட்டுகள். மேலே ஒரு விளக்கு. கடைக்காரர் 400 ரூபாய் என்றார். நான் 100 என்றேன். அவர் சிரித்தார், நான் எழுந்து நடந்தேன், அவர் கூப்பிட்டார். 180-இல் முடிந்தது. அறைக்கு வந்து உட்பையில் கைவிட்டால் யாரோ எப்போதோ ஏறிய பேருந்தின் சீட்டு ஒன்று! அந்த மனிதர் எங்கே போய்க்கொண்டிருந்தாரோ, அவருடைய கோட்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அன்றிரவுதான் தில்லியில் முதன்முதலாக நடுங்காமல் உறங்கினேன்.

மறுநாள் உணவுக்கூடத்தில் ஒரு நண்பர், "கோட்டு நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார். "அண்ணன் அனுப்பினார்" என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது. என்னைச் சந்தைக்கு அழைத்துச் சென்ற மூத்தவர் எதிரேதான் அமர்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் அணிந்திருந்ததும் அதே விரிப்பில் வாங்கிய கோட்டுத்தான். கேள்வி கேட்ட நண்பருடைய கோட்டும் அங்கே வாங்கியதே என்பது ஓராண்டு கழித்துத் தெரிந்தது. ஒரே மேசை, மூன்று பழைய கோட்டுகள், மூன்று பேர் வாயிலும் பொய். இந்தப் பொய் எதற்காக? இதுவே என் கேள்வி.

வாங்கிய கதை இது. விற்ற கதை இன்னும் கொஞ்சம் கசப்பானது. ஆண்டு முடிவில் அறையைக் காலி செய்தபோது தெருவில் பாத்திரக்கார அம்மா ஒருவர் வந்தார். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் வழக்கம் நம் ஊரிலும் உண்டல்லவா? நான்கு சட்டை, இரண்டு கால்சட்டை, சுருங்கிப்போன ஒரு ஸ்வெட்டர் ஆகியவற்றை எடுத்துப் போட்டேன். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கழுத்துப் பட்டையைத் தடவினார், பொத்தான்களை எண்ணினார். ஒரு சிறு கிண்ணத்தை எடுத்து வைத்தார். நான் குண்டான்தான் வேண்டும் என்றேன். அரைமணி நேரம் வாதாடிக் குண்டானையே வாங்கினேன். போரில் வென்றவன் போல் மாடிப்படி ஏறினேன்.

அந்த வெற்றியின் நிறம் பிறகுதான் தெரிந்தது. மேற்குத் தில்லியில் ரகுபீர் நகர் என்று ஒரு பகுதி. அங்குள்ள பழந்துணிச் சந்தைக்குக் 'கோடா மண்டி' என்று பெயர். குதிரைச் சந்தை என்று பொருள். சமூகவியல் படிக்கும் நண்பர் ஒருவரோடு விடியுமுன் அங்கே போனேன். பனி மூட்டத்தில், மூட்டைகளின் பக்கத்தில், வரிசை வரிசையாகப் பெண்கள். பெரும்பாலோர் குசராத்தை வேராகக் கொண்ட வாக்ரி சமூகத்தார். பகலெல்லாம் தெருத்தெருவாகப் பாத்திரம் சுமந்து, துணி திரட்டி, விடியுமுன் இங்கே வந்து வணிகர்களுக்கு விற்கிறார்கள். வணிகர் துணியைப் புரட்டுகிறார். ஒரு பொத்தான் இல்லையென்றால் விலையைக் குறைக்கிறார். பிடிக்காவிட்டால் வீசிவிட்டுப் போகிறார். நாம் அந்தப் பெண்ணிடம் பேரம் பேசிப் பிடுங்கியதை அவர் வேறு யாரிடமும் மீட்க முடியாது. என் குண்டானின் விலையில் ஒரு பங்கை அவருடைய வயிறுதான் கொடுத்தது என்று அங்கே நின்றபோது எனக்கு உறைத்தது.

அந்தத் துணி அங்கிருந்து எங்கே போகிறது? நல்லவை வெளுத்து, தைத்து, தேய்க்கப்பெற்று வாரச் சந்தைகளில் மீண்டும் சட்டையாகின்றன. கிழிந்த பருத்தி இயந்திரம் துடைக்கப் போகிறது. பட்டுச் சேலைகள் திண்டு உறைகளாகின்றன. கந்தலான கம்பளி பானிப்பட்டுக்குச் செல்கிறது. 1526, 1556, 1761 என்று மூன்று போர்களை நாம் மனப்பாடம் செய்த அதே பானிப்பட்டுத்தான்! அங்கே பழங்கம்பளியைக் கிழித்துப் பஞ்சாக்கி, நூலாக்கி, போர்வை நெய்கிறார்கள். வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வீடிழந்தோர்க்கு வழங்கும் மலிவுப் போர்வைகளில் பல அந்த ஊரின் தறியில் பிறந்தவை. ஒருவர் கழித்ததை மற்றொருவர் உடுக்கச் செய்யும் இந்தத் தொழிலில் இழிவு எங்கே இருக்கிறது?

'பிறர் உடுத்ததை உடுத்தலாமா? நோய் வராதா?' என்பர் சிலர். விடுதியின் மெத்தையில் நமக்கு முன் எத்தனை பேர் படுத்தார்கள் என்று யாராவது கேட்டோமா? இரயிலில் தரும் கம்பளியை யார் போர்த்தியிருந்தார் என்று விசாரித்தோமா? வெந்நீரும் வெயிலும் தீர்க்கக்கூடிய செய்தி இது. இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். பிறந்த அன்று நம்மில் பலரைப் போர்த்தியது புதுத்துணியன்று. பாட்டி உடுத்தி உடுத்தி மென்மையான பழைய நூற்சேலை. தூளி கட்டியதும் அந்தச் சேலையில்தான். அன்று அது அன்பு. இன்று அதுவே அவமானமா?

'எல்லாரும் பழையதையே வாங்கினால் நெசவாளர் என்ன ஆவார்?' என்ற கேள்வி வலுவானது. கரூரும் ஈரோடும் திருப்பூரும் நம் மண். வெளிநாட்டுப் பழந்துணியை இறக்குமதி செய்து விற்பதற்கு நம் அரசு கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அது வேண்டியதே. ஆனால் புதுக் கோட்டு வாங்க வழியே இல்லாத மாணவன் ஒரு பழைய கோட்டை வாங்குவதால் எந்தத் தறியும் நிற்காது. வாங்காவிட்டால் அவன் நடுங்குவான், அவ்வளவே.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், படிப்பு முடித்துப் போகிறவர்கள் கம்பளி உடைகளைக் குப்பையில் போடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் நடுங்குகிறார்கள். இடையே ஓர் அலமாரி போதாதா? போகிறவர் வைத்துவிட்டுப் போகட்டும், வருகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். எதை எடுத்தாலும் 50 ரூபாய் என்று ஒரே விலை இருக்கட்டும். பேரம் வேண்டா, பெயர் எழுதவும் வேண்டா. அந்தப் பணம் வெளுப்பவருக்கும் தைப்பவருக்கும் போகட்டும்.

'இலவசமாகவே கொடுக்கலாமே' என்பீர்கள். கூடாது என்பது என் கருத்து. இலவசமாகப் பெற்றவன் கொடுத்தவனைக் காணும்போது குனிகிறான். விலை கொடுத்தவன் நிமிர்ந்து நடக்கிறான். நாம் தரவேண்டியது கோட்டு மட்டும் அன்று, அந்த நிமிர்வும்தான். அதே நிமிர்வைப் பாத்திரக்கார அம்மாவுக்கும் விட்டுவைப்போம். அவரிடம் பேரம் பேசி மிச்சப்படுத்தி நாம் மாளிகை கட்டப்போவதில்லை.

அலமாரி வரும் நாளில் என் கோட்டை நானே முதலில் கொண்டுவந்து வைக்கிறேன். பேருந்துச் சீட்டும் உட்பையில் அப்படியே இருக்கிறது. எடுத்து அணியப்போகும் தம்பியை யாராவது, "எங்கே வாங்கினாய்?" என்று கேட்டால், "சங்கத்து அலமாரியில், 50 ரூபாய்க்கு" என்று அவன் உரக்கச் சொல்லட்டும். இல்லாத அண்ணனை அவன் தேட வேண்டியதில்லை.