கழுவி வைப்பது சுத்தம்தானா?

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய் வந்தால், ஒரு டப்பா ஸ்ட்ராபெர்ரியாவது வீட்டுக்கு வந்துவிடும். வந்ததும் என்ன செய்கிறீர்கள்? நன்றாகக் கழுவி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்தால், பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருக்கிறது. உடனே விற்றவரைத் திட்டுகிறோம். என்னைக் கேட்டால், பாதிக் குற்றம் நம்முடையது.

அந்தப் பஞ்சு ஒரு பூஞ்சணம். பெயர் போட்ரைடிஸ் சினிரியா. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் காற்றில் வந்து படியும். சில சமயம் செடி பூக்கும்போதே உள்ளே புகுந்து, பழம் பழுக்கும்வரை அடங்கிக் கிடக்கும். எவ்வளவு கழுவினாலும் இவை போகமாட்டா. மேலே ஒட்டியிருப்பவற்றிலும் ஒரு பகுதிதான் போகும். மிச்சம் இருப்பவை முளைக்க ஈரம் வேண்டும். அதைத்தான் நாம் கழுவிக் கொடுக்கிறோம். ஸ்ட்ராபெர்ரிக்கு ஆரஞ்சுபோல் தடித்த தோல் இல்லை. விதைபோல் தெரியும் புள்ளிகள் பதிந்திருக்கும் சிறு குழிகளிலும் நீர் தங்கிவிடும். (அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் தாவரவியல்படி ஒரு தனிப் பழம்!) குளிர் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். 0 பாகை செல்சியஸுக்கு அருகிலும் இந்தப் பூஞ்சணம் மெதுவாக வளரும்.

ஆகவே கழுவாமல் வையுங்கள். நசுங்கியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் முதலில் எடுத்துவிடுங்கள். பக்கத்துப் பழத்துக்குத் தொற்றிவிடும். அகலமான டப்பாவில் டிஷ்யூ தாள் விரித்து, ஒரே அடுக்காகப் பரப்பி, மூடியைச் சற்றுத் திறந்தே வையுங்கள். சாப்பிடும் நேரத்தில், தேவையானதை மட்டும் எடுத்து, காம்பைக் கிள்ளாமல் ஓடும் நீரில் கழுவுங்கள். முழு டப்பாவையும் மேசையில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த பழம் வியர்த்துவிடும். அதுவும் ஈரம்தான்.

ஒரு பங்கு வினிகரை மூன்று பங்கு நீரில் கலந்து கழுவலாமே என்பார்கள். மேலிருக்கும் கிருமிகள் குறையும், உண்மைதான். ஆனால் பிறகு நல்ல நீரில் அலசி, ஒவ்வொரு பழத்தையும் துளி ஈரமின்றி உலர்த்த வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் வினிகரைத் தொடாமல் இருப்பதே மேல்.

“அழுக்கோடு உள்ளே வைக்கலாமா?” என்று பாட்டி கேட்பார். வாதம் செய்யாதீர்கள். அடுத்த முறை பாதியைக் கழுவியும் பாதியைக் கழுவாமலும் வைத்து, இரண்டு டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டுங்கள். நான்காம் நாள் பாட்டியையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.