பெயர் தேய்த்த சிப்பும் ஒரு எம்பிராய்டரி யூனிட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், அட்டென்டன்ஸ் கிடையாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தொண்ணூறுகளில் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். திருப்பூர் பக்கம் சின்னதாக எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கிறான். நாலு மெஷின், ஒன்பது பேர் வேலை. வந்தவன் வழக்கம்போல பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து கட்டை விரல் அளவு பொருள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். "சார், இது செத்துப் போச்சு. இது இல்லேன்னா நானும் அவ்வளவுதான்."

அது ஒரு டாங்கிள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விலை உயர்ந்த மென்பொருள் வாங்கினால் கூடவே இப்படி ஒரு சாவி தருவார்கள். அதை யூ.எஸ்.பி.யில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். அந்தக் காலத்தில் பிரிண்டர் போர்ட்டில் மாட்டுவார்கள். இவனுடையது டிசைன் பஞ்சிங் செய்யும் மென்பொருள். பத்து வருஷத்துக்கு மேல் போட்ட டிசைன் எல்லாம் அதில்தான் திறக்கும். விற்ற கம்பெனியைக் கேட்டால், "அந்த வெர்ஷனுக்கு இப்போது சாவி தருவதில்லை, புதுசு வாங்குங்கள்" என்றார்களாம். புதுசு இரண்டரை லட்சம். தீபாவளி ஆர்டர் பாதியில் நிற்கிறது.

"திறந்து பார்க்கலாமா?" என்றேன். "உங்ககிட்ட கொண்டு வந்ததே அதுக்குத்தான் சார்."

பிளாஸ்டிக் ஓட்டைப் பிளந்தோம். உள்ளே இரண்டு முக்கியமான சிப். ஒன்று மைக்ரோகன்ட்ரோலர். இன்னொன்று எட்டுக் கால் உள்ள சின்ன சிப். அந்த இரண்டாவதன் தலையில் இருந்த எழுத்தை யாரோ தேய்த்து எடுத்திருந்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உப்புத்தாள் போட்ட கோடு தெரிந்தது. எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது. இந்தப் பதிவு அந்தக் கோபத்தைப் பற்றியது.

கோபத்துக்கு முன்னால் பாடம். பெயர் இல்லாத சிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த மாதிரி எட்டுக் கால் நினைவகச் சிப்புகள் பெரும்பாலும் மூன்று குடும்பம். 24 வரிசை, 25 வரிசை, 93 வரிசை. மூன்றிலும் எட்டாம் கால் வழக்கமாக மின்சாரம் வரும் கால். எர்த் எங்கே என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. 24, 25 இரண்டுக்கும் நாலாம் கால் எர்த். 93-க்கு வழக்கமாக ஐந்தாம் கால். மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் இடத்தில் வைத்துத் தொட்டால் போதும்.

எங்கள் சிப்பில் நாலாம் கால் பீப் அடித்தது. 93 இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு என எல்லாமே எர்த்தோடு பேசின. 25 வரிசையில் இது நடக்காது. அங்கே ஒன்றாம் கால் சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கால், இரண்டாம் கால் தகவல் வெளியே வரும் கால். அதை எர்த்தில் கட்டினால் சிப் ஊமை. 24 வரிசையிலோ ஒன்று முதல் மூன்று வரை முகவரிக் கால்கள், ஏழு எழுத்துத் தடைக் கால். எர்த்தில் கட்டுவது சகஜம். மிச்சம் ஐந்தும் ஆறும். அந்த இரண்டிலிருந்தும் '472' என்று எழுதிய குட்டி ரெசிஸ்டர் ஒவ்வொன்று எட்டாம் காலுக்குப் போனது. 47-க்குப் பின் இரண்டு சைபர், 4.7 கிலோ ஓம். ஞாபகம் இருக்கிறதா? சந்தேகமே இல்லை, ஐ-ஸ்கொயர்-சி முறையில் பேசும் 24 வரிசை.

அடுத்து அளவு. பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவனும் நம் பள்ளிக்கூடப் பையன்தான். அவன் வெப்பக் காற்று வைத்துப் பூப்போல சிப்பைக் கழற்றி ரீடரில் வைத்தான். ஒரே ஒரு முகவரியில்தான் பதில் வந்தது. 256 பைட் படித்ததும் மறுபடி முதலிலிருந்து அதே தகவல் திரும்பி வந்தது. ஆக 24சி02, இரண்டு கிலோபிட். சாதாரணமாகக் கிடைக்கும், சில ரூபாய்ச் சிப். அதன் பெயரைத் தேய்க்கத்தான் அத்தனை பாடு!

அந்த 256 பைட்டை நகல் எடுத்து அவன் மெயிலுக்கே அனுப்பினோம். முதலில் நகல், பிறகு வைத்தியம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் ஆராயவில்லை, தேவையும் இல்லை.

கடைசியில் கோளாறு எங்கே தெரியுமா? நினைவகத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த மூன்று கால் ரெகுலேட்டரில். ஐந்து வோல்ட் உள்ளே போகிறது, 3.3 வரவேண்டிய இடத்தில் ஒரு வோல்ட் கூட வரவில்லை. அதன் தலையில் '662கே' என்ற எழுத்து தேய்க்கப்படாமல் இருந்தது. அது 3.3 வோல்ட் ரெகுலேட்டர் என்று கடைக்காரப் பையன் பார்த்ததுமே சொல்லிவிட்டான். டப்பாவில் இருந்து ஒன்றை எடுத்து மாற்றினான். நினைவகத்தைத் திரும்ப ஒட்டினான். செருகினோம். மென்பொருள் திறந்தது. என் மாணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இதை யோசித்துப் பாருங்கள். பெயர் இருந்த பாகத்தை மாற்றப் பத்து நிமிஷம். பெயர் தேய்த்த பாகம் யார் என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம். இரண்டும் அவன் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருளில் இருந்தவை.

இதைச் சொன்னதும் பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கும் இன்னொரு மாணவன் போனில் சண்டைக்கு வந்தான். "சார், பெயரைத் தேய்ப்பது திருட்டு நகலைத் தடுக்க. நாங்கள் ராத்திரி பகலாக எழுதிய மென்பொருளை ஒருவன் காப்பி அடித்தால் சும்மா இருப்பீர்களா?" நியாயமான கேள்வி. அவன் உழைப்பும் உழைப்புதான். நகல் மென்பொருளை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் என் பதில் இது. ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் ஒரு செல்போன் கடைப் பையனும் ஒரு சாயங்காலத்தில் கண்டுபிடிக்கும் ரகசியம், தொழில்முறைத் திருடனை எப்படித் தடுக்கும்? அவனிடம் எங்களைவிட நல்ல கருவி இருக்கும். தேய்த்த பெயர் தடுப்பது ரிப்பேர் செய்கிறவனை மட்டும்தான். 1883-லேயே அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் எழுதி வைத்தார்: பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் அது பத்திரமாக இருக்க வேண்டும். அவரும் மொழி சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான். நல்ல பூட்டு செய்யத் தெரிந்தவனுக்கு உப்புத்தாள் எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், அது தொலைவதற்கோ அழிவதற்கோ சேதமடைவதற்கோ எதிரான பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அதே நியாயம் சாவிக்கும் வேண்டும் என்பது என் கருத்து. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 2003, 2006, 2010 ஆகிய வருஷங்களில், பழுதாகி வழக்கொழிந்துபோன டாங்கிளால் மென்பொருள் திறக்காமல் போனால் அந்தப் பூட்டைத் தாண்டலாம் என்று தனி விலக்கே கொடுத்தார்கள். இங்கே மத்திய அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போனும் எலக்ட்ரானிக்ஸும், வீட்டுச் சாதனங்கள், வாகனம் என நாலு துறை. நல்ல தொடக்கம். மென்பொருள் சாவியையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடி முடியாது. என் அக்கா மகனும் இரண்டு வருஷம் முன்பு ஒரு டாங்கிளோடு வந்தான். அதில் ஒரே சிப், நினைவகம் அதற்குள்ளேயே, படிக்க முடியாதபடி பூட்டு. பெயர் தெரிந்தும் பயனில்லை. திரும்பவும் முழு விலை கொடுத்தான் பாவம். அதனால்தான் இதைத் தனி மனிதர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக்கூடாது என்கிறேன்.

விற்கிறவர்களிடம் நான் கேட்பது மூன்றுதான். பாகங்களின் பெயரைத் தேய்க்காதீர்கள். சாவி பழுதானால் சாவிக்கு மட்டும் காசு வாங்குங்கள், வீட்டையே திரும்ப விற்காதீர்கள். ஒரு வெர்ஷனைக் கைவிடும்போது, வாங்கியவர்களுக்குச் சாவி இல்லாமல் திறக்கும் வழியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

உங்களுக்கும் சில வார்த்தை. மென்பொருள் வாங்கும் முன்பே, "சாவி பழுதானால் என்ன செலவு? கம்பெனி மூடினால் என்ன வழி?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். டாங்கிளை நேராகச் செருகாமல் ஒரு நீட்டிப்பு ஒயரில் மாட்டுங்கள், முட்டி இடித்து உடையாது. திறக்க வேண்டி வந்தால் நினைவகத்தை முதலில் நகல் எடுக்காமல் சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆடிட்டர் கொடுக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை இதே மாதிரி திறக்காதீர்கள். அதன் ரகசியச் சாவி வெளியே வரவே கூடாது என்றுதான் செய்திருக்கிறார்கள், அது சரியும்கூட. உங்கள் கையெழுத்தை இன்னொருவன் போடாமல் காக்கும் பூட்டு அது. பழுதானால் புதிது வாங்கி, பழையதை ரத்து செய்யுங்கள். எந்தப் பூட்டு நம்மைக் காக்கிறது, எந்தப் பூட்டு நம்மைக் கட்டிப்போடுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முப்பது வருஷம் கரும்பலகை முன் நின்று ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: உள்ளே என்ன இருக்கிறது என்று கேள். உப்புத்தாள் போட்டு அந்தக் கேள்வியை அழிக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

தீபாவளி ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டதாம். ஒரு டப்பா மைசூர்பாகு வந்திருக்கிறது. சர்க்கரை இருக்கிறது என்று வீட்டம்மா பூட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பூட்டை மட்டும் நான் ஆராயப் போவதில்லை.

உங்கள் வீட்டில், கடையில் இப்படிச் செத்துக் கிடக்கும் சாவி இருந்தால் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்தும் எழுதுங்கள், பெங்களூர்த் தம்பி உள்பட.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்