எலி யார் வீட்டுக் குற்றம்?

தோழர்களே, லைன் வீடுகளில் எலி பெருகிவிட்டது என்று யாரிடம் முறையிட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "உங்க ஜனங்க சுத்தமா இருந்தா எலி ஏன் வருது?" சென்ற மாதம் மனுவோடு போன நம்மிடம் மேசைக்கு அப்பாலிருந்த ஒருவர் சொன்னதும் இதுவே. பெயர் வேண்டாம். நாற்காலியில் ஆள் மாறினாலும் பதில் மாறுவதில்லை.

நாம் கேட்கிறோம்: வெள்ளைக்காரக் கம்பெனி காலத்து ஒற்றை அறையைக் கட்டியது நாமா? 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள், திறந்த சாக்கடையை மூடினார்களா? விடியுமுன் ரயிலேறி பெங்களூரில் உழைத்து இருட்டியபின் திரும்புகிறவன் எப்போது வளை அடைப்பான்?

இது சில்லறை விஷயமல்ல. 1966-இல் நம் கோலார் மாவட்டத்து முல்பாகலில்தான் மனிதருக்குப் பிளேக் கண்டது ஆய்வுக்கூடத்தில் உறுதியானது. பின் 28 ஆண்டு நாடே அதை மறந்திருந்தது. 1994-இல் மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலும் சூரத்திலும் மறுபடி அது தலைகாட்டியது. பீடில் மாம்லா கிராமத்தார் முதலில் கண்டது எலிகள் செத்து விழுவதையும் தெள்ளுப்பூச்சி கடிப்பதையும்தான்.

ஆகவே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். புதுப் புழுக்கை மினுமினுப்பாக, மெத்தென்று இருக்கும், பழையது உதிரும். எலி தினமும் ஓடும் சுவரோரத்தில் எண்ணெய்க் கறை படியும். வளையில் மாலையில் காகிதத்தைத் திணியுங்கள். காலையில் அது வெளியே கிடந்தால் உள்ளே குடியிருப்பு உண்டு. கட்டைவிரல் நுழையும் ஓட்டையே எலிக்குப் போதும். கண்ணாடித் தூள் கலந்த சிமெண்ட் வைத்து அடையுங்கள்.

மருந்து வைக்காமலே எலி பகலில் தள்ளாடி வந்து விழுந்தால் அது வேறு செய்தி. வாலைப் பிடித்துத் தெருவில் வீசாதீர்கள். செத்த எலியின் உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதைவிட்டுச் சூடான உடம்பைத் தேடும். பக்கத்தில் பாயில் கிடப்பது நம் பிள்ளை. சுகாதாரத் துறைக்கு உடனே சொல்லுங்கள். அப்போது முதலில் பூச்சி மருந்து தூவி, பிறகே எலியைக் கொல்ல வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் நோயை நாமே அழைத்ததாகும். காய்ச்சலோடு தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மருந்து இருக்கிறது, நாள் கடத்தினால்தான் சாவு.

கடையில் விற்கும் எலி பேஸ்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸுக்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது. பொறி போதும்.

ஆனால் பொறி வாங்குவது நம் வேலை, சாக்கடை கட்டுவது யார் வேலை? வரும் ஞாயிறன்று ஒவ்வொரு லைனிலும் எத்தனை வளை, எத்தனை அடி திறந்த சாக்கடை, குப்பை எத்தனை நாளாய் அள்ளவில்லை என்று எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். அந்தக் கணக்கோடு அதே மேசைக்கு மறுபடி போகிறோம்.